மிளகைத் தேடிப் பனிக்கடலுக்குள்

1596 ஜூன் 17. வட அகலக்கோடு 80 பாகையை அண்டிய கடலில் இரண்டு ஒல்லாந்தக் கப்பல்கள் நின்றன. எதிரே பனி மூடிய, கூர்கூரான மலைமுடிகளோடு ஒரு கரை. ஐரோப்பியரின் வரைபடம் எதிலும் அந்தக் கரை இருக்கவில்லை. இன்று ஸ்வால்பார்ட் எனப்படும் அந்தத் தீவுக்கூட்டத்துக்கு இப்போது ஒவ்வொரு கோடையிலும் உலகெங்குமிருந்து பயணிகள் கப்பலேறிப் போகிறார்கள். துருவக் கரடியைப் பார்க்க வேண்டும், பனியாறு உடைந்து கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. 1596இல் போனவர்களுக்கு அந்த ஆசை எதுவும் இல்லை. அவர்கள் தேடிப்போனது மிளகு, சாதிக்காய், கராம்பு விளையும் கீழைத்தேசத்துக்கு ஒரு குறுக்குவழி.

மாத்தளையில் இந்த மூன்றும் வீட்டுத் தோட்டத்தில் நிற்பவை. உக்குவளையில், ரத்தொட்டையில், யட்டவத்தையில் எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் கிளிரிசிடியா மரத்தைப் பற்றி ஏறிய மிளகுக் கொடியைக் காணலாம். அதன் நிழலில் கொக்கோ நிற்கும். முற்றத்துச் சாக்கில் சாதிக்காயும், அதன்மேல் சிவப்பு வலைபோலப் படர்ந்திருந்த வசுவாசியும் வெவ்வேறாகக் காயும். ஏ9 வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் வெளிநாட்டவருக்கு இவற்றைக் கீறிக் காட்டுவது அன்றாட வேலை. இந்த மரங்களையும் உலகின் வட உச்சியையும் நாம் ஒன்றாக வைத்து யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

அன்றைக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கடல்வழி போர்த்துக்கேயரின் பிடியில் இருந்தது. லிஸ்பனில் மிளகு வாங்கி வட ஐரோப்பாவில் விற்றுவந்த ஒல்லாந்தருக்கு, அப்போது போர்த்துக்கலையும் ஆண்ட ஸ்பெயின் மன்னருடனான போரால் அந்தக் கதவும் அடிக்கடி அடைபட்டது. ஆம்ஸ்டர்டாமின் மதகுருவும் வரைபட அறிஞருமான பெட்ரஸ் பிளான்சியஸ் ஒரு யோசனை சொன்னார். கோடையில் இரவும் பகலும் சூரியன் மறையாத துருவக் கடலில் பனி உறைந்திருக்க வாய்ப்பில்லை, அதனூடாக நேரே சீனாவுக்கும் வாசனைத் தீவுகளுக்கும் போகலாம் என்றார். அந்த நம்பிக்கையில் மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் 1594இல் ஒருமுறையும் 1595இல் ஒருமுறையும் புறப்பட்டார். இரண்டாம் பயணத்தில் காரா கடலின் வாசலில் பனி மறித்தது. திரும்பினார்கள். மூன்றாவது முறைதான் 1596.

ஸ்வால்பார்டைக் கண்ட பின் இரண்டு கப்பல்களும் பிரிந்தன. யாகோப் வான் ஹீம்ஸ்கெர்க் தலைமையேற்று, பாரென்ட்ஸ் வழிகாட்டிய கப்பல் நோவாயா செம்லியா தீவின் வடகிழக்குக் கரையை அடைந்தது. ஓகஸ்ட் இறுதியில் பனி அதை இறுக்கிப் பிடித்தது. பதினேழு பேர். ஒதுங்கி வந்த மரங்களையும் கப்பல் பலகைகளையும் கொண்டு ஒரு வீடு கட்டினார்கள். நவம்பர் 4 முதல் சூரியனே இல்லை. கடிகாரம் உறைந்து நின்றதால் மணற்குடுவையைத் திருப்பித் திருப்பி நேரம் கணித்தார்கள். பொறிவைத்து நரி பிடித்துத் தின்றார்கள், அதன் தோலில் தொப்பி தைத்தார்கள். நிலக்கரி மூட்டி, புகை வெளியேற வழியின்றி ஓரிரவு மூச்சடைத்துச் சாகப் பார்த்தார்கள். 1597 ஜனவரி 24 அன்று, வரவேண்டிய நாளுக்கு முன்னரே சூரியனின் விளிம்பைக் கண்டதாக அவர்களில் ஒருவரான கெரிட் டி வீர் எழுதிவைத்தார். ஊரில் பலர் நம்பவில்லை. குளிர்ந்த காற்றடுக்கில் ஒளி வளைந்து, தொடுவானுக்குக் கீழே இருக்கும் சூரியனையும் காட்டும் என்பதை அறிவியல் பின்னர் ஏற்றுக்கொண்டது. அந்தத் தோற்றத்துக்கு இன்றும் நோவாயா செம்லியாவின் பெயர்தான்.

ஜூன் மாதம் கப்பலைக் கைவிட்டு இரண்டு திறந்த படகுகளில் புறப்பட்டார்கள். ஒரு வாரத்துக்குள், ஜூன் 20ஆம் திகதி, பாரென்ட்ஸ் இறந்தார். மற்றவர்கள் தண்டுவலித்தும் பனிமேல் படகை இழுத்தும் ரஷ்யாவின் கோலாவை அடைந்தபோது, முந்தைய ஆண்டு பிரிந்துபோன மற்றக் கப்பலின் தலைவர் ரைப் அங்கே இருந்தார். அவருடைய கப்பலில் ஊர் திரும்பினார்கள். 1597 நவம்பர் 1ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமில் கால்வைத்தவர்கள் பன்னிரண்டு பேர்.

அவர்கள் கட்டிய வீட்டை 1871இல் நோர்வே மாலுமி எல்லிங் கார்ல்சன் கண்டுபிடித்தார். 274 ஆண்டுகள் பனிக்குள் கிடந்த பொருட்கள் இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் மெழுகுதிரித் தாங்கிகளும், ஒன்றோடொன்று ஒட்டி உறைந்துபோன அச்சுப் படங்களும் உண்டு. கீழைத்தேசத்தில் விற்று வாசனைத் திரவியம் வாங்குவதற்காக ஏற்றிய சரக்கு அது. இந்தக் கதையில் என்னை மிக அதிகம் பாதிப்பது கரடியும் குளிரும் அல்ல, விற்கப்படாத அந்தச் சரக்குதான். அந்த மூட்டைகள் எந்தத் திசைக்குக் கட்டப்பட்டனவோ, அந்தத் திசையில்தான் நாம் இருக்கிறோம்.

அவர்கள் பனியில் கிடந்த அதே காலத்தில் இன்னொரு ஒல்லாந்தக் கூட்டம் தெற்கு வழியாகவே ஜாவாவின் பாந்தம் வரை போய், 1597 ஓகஸ்டில் மிளகோடு திரும்பிவிட்டது. வடக்கில் கதவு மூடியது, தெற்கில் திறந்தது. பனிக்குள் குளிர்காலம் கழித்துத் திரும்பிய ஹீம்ஸ்கெர்க் ஓய்ந்து இருக்கவில்லை. 1598இல் தெற்கு வழியில் கப்பலேறி, 1599இல் சாதிக்காய் விளையும் பண்டா தீவுகளை அடைந்தார். வடக்கில் கிடைக்காததை அந்த மனிதர் தெற்கில் எட்டிப் பிடித்தார். 1602இல் ஒல்லாந்தக் கடற்தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, கண்டிக்கு வந்து முதலாம் விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். 1638இல் இரண்டாம் இராஜசிங்கனோடு ஒப்பந்தம், 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம் அவர்கள் வசமாயின. நமது கறுவா ஒன்றரை நூற்றாண்டு ஒல்லாந்தக் கம்பனியின் ஏகபோகமானது. வடகடலில் பனி வழிவிட்டிருந்தால் இந்த வரலாறு எப்படி இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பனி வழிவிடாததால் நடந்தது என்ன என்பதற்கு நமது கரையோரக் கோட்டைகள் சாட்சி.

பாரென்ட்ஸ் தேடிய வடகிழக்கு வழியை முழுதாகக் கடந்த முதல் கப்பல் வேகா. சுவீடனின் நோர்டென்ஷெல்ட் தலைமையில் 1878இல் புறப்பட்டு, பெரிங் நீரிணையை எட்டுவதற்குச் சற்று முன் பனியில் சிக்கி, ஏறத்தாழப் பத்து மாதம் கிடந்து, 1879 ஜூலையில் நீரிணையைத் தாண்டியது. ஜப்பான், ஹொங்கொங் வழியாக வீடு திரும்பிய அந்தக் கப்பல் 1879 டிசம்பரில் நங்கூரமிட்ட துறைமுகம் எது தெரியுமா? காலி. நோர்டென்ஷெல்ட் இரத்தினபுரிக்குப் போய் மாணிக்கக் குழிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். வடகடல் வழியாக இலங்கையை அடைய முடியும் என்பது முதல் பயணத் திட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு நிரூபணமானது. அப்போது அது வணிகருக்குத் தேவைப்படவில்லை. சூயஸ் கால்வாய் திறந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது.

வட துருவப் பயணம் விற்பனைப் பண்டமாவதும் அந்த நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பாரென்ட்ஸ் கண்டு சரியாக 300 ஆண்டு கழித்து, 1896இல், நோர்வேயின் நீராவிக் கப்பல் நிறுவனமொன்று ஸ்வால்பார்டின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. இன்று நாம் காணும் ஆய்வுப்பாணிச் சொகுசுப் பயணத்துக்கு அடித்தளம் இட்டவர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட். அவருக்காக 1969இல் கட்டப்பட்ட சிறிய சிவப்புக் கப்பல் 1984இல் பயணிகளோடு கனடாவுக்கு வடக்கேயுள்ள வடமேற்கு வழியைக் கடந்தது. அறிவியலாளரும் பயணியும் ஒரே மேசையில் சாப்பிட்டு, பகலில் இறங்கி நடந்து, மாலையில் விரிவுரை கேட்கும் அந்த முறையைத்தான் இன்றைய கப்பல்களும் பின்பற்றுகின்றன.

பயணம் பெரும்பாலும் ஸ்வால்பார்டின் லோங்யியர்பியனில் தொடங்கும். ஏப்ரல் பிற்பகுதி முதல் ஓகஸ்ட் பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. பத்து நாள் பயணத்துக்கு ஆளுக்கு ஆறு, ஏழாயிரம் டொலரில் ஆரம்பித்து விலை மேலே போகும். நமது நாட்டில் நடுத்தரக் குடும்பமொன்று நினைத்தும் பார்க்காத தொகை. கரையில் இறங்குவதற்குக் காற்றடைத்த ரப்பர் படகு. வழிகாட்டிகள் முதலில் துப்பாக்கியோடு இறங்கிச் சுற்றிலும் கரடி இல்லையென்று உறுதிசெய்த பிறகே பயணிகள் கால்வைக்கலாம். பதினேழாம் நூற்றாண்டுத் திமிங்கில வேட்டைக்காரரின் கொழுப்புருக்கிய அடுப்புகளும் அவர்களின் கல்லறைகளும் வழிநெடுகக் கிடக்கின்றன. வாசனைத் திரவியம் தேடிப்போன கடலில் அது கிடைக்காதபோது ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கண்டெடுத்த பண்டம் திமிங்கில எண்ணெய். சில தலைமுறைகளில் அந்தக் குடாக்களில் திமிங்கிலமே இல்லாமற் செய்துவிட்டார்கள்.

ஸ்வால்பார்டை ஆளும் நோர்வே இப்போது கடுமையாக இருக்கிறது. 2022 முதல் ஸ்வால்பார்ட் கடற்பரப்பில் கனரக எரிஎண்ணெய் எரிக்கத் தடை. 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. அப்பகுதிகளில் இறங்குவதற்கு 43 இடங்கள் மட்டுமே. துருவக் கரடியிடமிருந்து 300 மீற்றர் விலகி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீற்றர். பயண முகவர்கள் முணுமுணுத்தார்கள். நான் இந்தச் சட்டத்தின் பக்கம். ஆள் எட்டாத இடம் என்று சொல்லி விற்கப்படும் இடத்தில் ஆபத்து வந்தால் உதவியும் எட்டாது. 2023 செப்டம்பர் 11ஆம் திகதி, கிரீன்லாந்தின் வடகிழக்கே ஆல்ப் குடாவில் 206 பேரோடு ஓஷன் எக்ஸ்புளோரர் கப்பல் தரைதட்டியது. பயணிகள் மூன்று நாள் காத்திருந்தார்கள். ஒரு மீன்வள ஆய்வுக் கப்பல் வந்து இழுத்த பிறகே அது நகர்ந்தது. எவருக்கும் உயிர் போகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

போகிறவர்களில் பலர் வெளிப்படையாகச் சொல்லும் காரணம், பனி மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியை விட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. 2012 செப்டம்பரில் கடற்பனியின் பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது. அது 1980களில் இருந்ததில் ஏறக்குறைய பாதி. பிளான்சியஸ் கற்பனை செய்த திறந்த கடல் இப்போதுதான் மெல்ல உண்மையாகிக்கொண்டிருக்கிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்கள் காரா கடலைப் பார்க்க வேண்டும். பாரென்ட்ஸை 1595இல் திருப்பி அனுப்பிய அதே கடல். கோடையில் அங்கே கடற்பனி குறையும் ஆண்டுகளில், மழைக்காலத்தின் கடைசியில், செப்டம்பரில், மத்திய இந்தியாவில் அதிதீவிர மழை கூடுவதற்கான தொடர்பை 2021இல் இந்தியாவின் துருவ, சமுத்திர ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள். இந்தியா 2008இல் ஸ்வால்பார்டின் நியூ ஓலசுண்டில் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்ததற்கும், 2014இல் அங்குள்ள குடாவுக்குள் கருவிகள் கட்டிய மிதவையை இறக்கியதற்கும் ஆர்க்டிக்குக்கும் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியும் ஓர் அடிப்படை. அந்த மிதவையை வடிவமைத்ததில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்குண்டு. மத்திய இந்தியாவின் முடிவை அப்படியே மாத்தளைக்குப் பெயர்த்துவைக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டில் மண்ணைச் சரித்தபோது மாத்தளை மாவட்டமும் அழுதது. அதற்கு ஆர்க்டிக் பனிதான் காரணம் என்று யாரும் கைநீட்டிவிட முடியாது. ஆனால் மிளகுச் செய்கையாளருக்கு மழை எவ்வளவு நுட்பமான விடயம் என்பது தெரியும். வறட்சி வந்து கொடி வாட வேண்டும், பின் மழை விழ வேண்டும், அப்போதுதான் பூங்கதிர் விடும். மழை தவறினாலும் கெடுதி, நேரம் தப்பிக் கொட்டினாலும் கெடுதி. வடக்கே பனி குழம்புவதை நாம் யாரோ ஒருவரின் ஊர்ச் செய்தியாகப் படிக்க முடியாது.

காரா கடலுக்கும் இலங்கைக்கும் இன்னொரு தொடர்பையும் அண்மையில் பார்த்தோம். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஹியூக்லின் கடற்காகங்களின் முதுகில் சிறு கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். மேகா, மெனிகே என்று பெயரிட்ட இரு பறவைகள் இந்தியாவைக் கடந்து, ஆசியாவின் நடுவே பறந்து, காரா கடலோரத்து யமால் தீபகற்பத்தை எட்டின. மாத்தளைத் தமிழருக்கு மன்னார் என்றால் முன்னோர் படகிலிருந்து இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைவரை நடந்த பாதையின் தொடக்கம். 2023இல் அந்த வருகையின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் மாத்தளையில்தான் முடிந்தது. அதே கரையிலிருந்து ஒரு பறவை வட துருவ வட்டத்துக்கு மேலே போய் முட்டையிட்டுத் திரும்பி வருகிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி விதைக்கு வருகிறேன். ஸ்வால்பார்ட் போகும் கப்பல்களில், கரையிறங்கும் முன் பயணிகளின் சப்பாத்துகளைக் கழுவி, சட்டைப்பைகளையும் உறிஞ்சு கருவியால் துப்புரவாக்குவார்கள். வேற்று நிலத்து விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக்கூடாது. அதே தீவில், லோங்யியர்பியனுக்கு மேலே மலையைக் குடைந்த சுரங்கத்தில், உலகமெங்குமிருந்து வந்த விதைகள் காவலில் இருக்கின்றன. 2008 பெப்ரவரி 26ஆம் திகதி திறந்த உலக விதைப் பெட்டகம் அது. மலைக்குள் 100 மீற்றருக்கும் அப்பால், மைனஸ் 18 பாகையில், 13 இலட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகள். சிரியாவில் போர் வந்து அலெப்போவின் விதை வங்கி எட்டாமற்போனபோது, 2015இல் இங்கிருந்துதான் விதைகளைத் திருப்பி எடுத்தார்கள். 2016இல் பனி உருகிய நீர் பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்துக்குள் புகுந்தது. விதைகளுக்குச் சேதமில்லை. ஆனாலும் என்றும் உறைந்திருக்கும் என்று நம்பிக் குடைந்த மலை அது. பிறகு நோர்வே சுரங்கத்தை நீர்புகாதபடி திருத்திக் கட்டியது.

அந்தப் பெட்டகத்தில் நெல் இருக்கிறது, கோதுமை இருக்கிறது. சாதிக்காய் அங்கே இருக்க முடியாது. கறுவா, கராம்பு, கொக்கோ எதுவும் முடியாது. இவற்றின் விதைகள் உலர்த்தினால் சாகும், உறைய வைத்தாலும் சாகும். ஈரத்தோடு விழுந்து, சில நாளிலோ வாரத்திலோ முளைத்துவிட வேண்டிய வெப்பக்காட்டு விதைகள் அவை. தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றின் விதையும் அப்படித்தான். மிளகின் இனத்தைப் பொதுவாக விதையிலிருந்து பேணுவதில்லை, கொடித் துண்டுதான். அதாவது இலங்கைத் தோட்டப் பொருளாதாரத்தின் முதுகெலும்பான பயிர்கள் அத்தனையும் உலகின் மிகப் பாதுகாப்பான விதைப் பெட்டகத்தின் உதவிக்கு வெளியே நிற்கின்றன. எந்தச் சாதிக்காய்க்காகப் பாரென்ட்ஸ் ஸ்வால்பார்ட் வரை போனாரோ, அந்தச் சாதிக்காயை ஸ்வால்பார்டால் காக்க இயலாது. அது உயிரோடு நிற்கும் மரமாகவே காக்கப்பட வேண்டும்.

அப்படிக் காக்கும் வேலை நடக்கும் இடங்களில் ஒன்று மாத்தளை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. உள்நாட்டு மிளகையும் கேரளத்தின் பன்னியூரையும் சரவாக்கின் கூச்சிங்கையும் கலந்து அது வெளியிட்ட இனங்களுக்குக் கொஹுகும்புரே ரால, பூடாவே ரால, திங்கி ரால என்று பிரித்தானியருக்கு எதிரான கிளர்ச்சிகளில் நின்ற வீரர்களின் பெயர்கள். சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நட்டவருக்குப் பூக்கும்வரை, ஐந்தாறு ஆண்டுக்கு மேலாகவும், எது எதுவென்று தெரியாது. ஆண் மரமென்றால் அத்தனை வருட உழைப்பும் வீண். அதனால்தான் நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் கொப்பை ஒட்டுவைக்கும் முறை முக்கியமாகிறது. ஒட்டுவைக்கத் தாய்மரம் வேண்டும். உயிருள்ள தாய்மரம்.

பனிமலைக்குள் இருக்கும் விதைக்கு மின்சாரம் நின்றாலும் உறைநிலம் சில காலம் துணைநிற்கும். மாத்தளையில் நிற்கும் மரத்துக்கு மனிதர் மட்டுமே துணை. களை பிடுங்க வேண்டும், விரைவாடல் நோய் வந்த மிளகுக் கொடியைப் பக்கத்துக் கொடிக்குப் பரவுமுன் அகற்ற வேண்டும், புயலில் சாய்ந்ததற்குப் பதிலாக அதே இனத்தை மீண்டும் நட வேண்டும். இதற்கு ஆளும் பணமும் ஒவ்வொரு பருவமும் வேண்டும். உலக விதைப் பெட்டகத்தின் படத்தை நமது பாடசாலைப் பிள்ளைகள்கூட அறிவார்கள். மாத்தளை ஆராய்ச்சி நிலையத்தின் உயிர்த் தோட்டத்தை மாத்தளைப் பிள்ளைகளிலேயே எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? வருடத்துக்கு ஒரு வகுப்பையாவது அங்கே கூட்டிப்போக வலயக் கல்விப் பணிமனைக்குப் பெரிய செலவு வராது.

தாய்மரங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்குள் மட்டும் இல்லை. ரத்தொட்டையிலும் உக்குவளையிலும் மூன்று தலைமுறை பார்த்த சாதிக்காய், கராம்பு மரங்கள் வீட்டு வளவுகளில் நிற்கின்றன. காணி பிரிக்கும்போதும் வீதி அகலிக்கும்போதும் பலகைக்கு விலை பேசும்போதும் அவை விழுகின்றன. வெட்டுவது என்று முடிவானாலும், வாள் வைக்கும் முன் பிரதேசத்து ஏற்றுமதி விவசாய விரிவாக்க உத்தியோகத்தரைக் கூப்பிட்டு, ஒட்டுக்குச்சி எடுக்கச் சொல்லலாம். அதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அந்த ஒரு குச்சியில் அந்த மரத்தின் இனம் தொடரும்.